தோண்டினவர்கள் பலர், மூடியவர் ஒருவர்

நீதிமன்றத்தில் புதிதாக மொழிபெயர்ப்பாளராகச் சேர்ந்திருக்கும் தர்ஷினி என்ற பிள்ளை போன மாதம் வாட்ஸ்அப்பில் எனக்கு ஒரு கேள்வி அனுப்பியிருந்தாள். மாணிக்கக்கல் வழக்கு ஒன்றுக்காகச் சிங்களச் சொல் ஒன்றைக் கைபேசியில் போட்டுத் தமிழ் கேட்டிருக்கிறாள். அது அகழ்தல், தோண்டுதல், கெல்லுதல், கிண்டுதல், குடைதல், சுரங்கம் வெட்டுதல் என்று கூடை நிறையக் கொட்டிவிட்டு, கேட்காமலேயே எதிர்ச்சொல்லும் கொடுத்திருக்கிறது: புதைத்தல். "இதுல எத சார் கோர்ட்ல சொல்றது?" என்பது அவள் கேள்வி.

ஒரு வரியில் பதில் சொல்லியிருக்கலாம். ஆனால் ஓய்வு பெற்ற மனிதனிடம் ஒரு வரிப் பதிலை எதிர்பார்த்தது அவள் பிழை. பெல்மதுளையில் பென்ஷன் எடுத்துக்கொண்டு சும்மா இருக்கிறவனுக்கு இப்படி ஒரு கேள்வி வந்தால் இரண்டு நாளைக்குப் பொழுது போய்விடும். எனக்கு ஒரு வாரம் போனது.

நான் பிறந்தது ருவான்வெல்லைப் பக்கம் ஒரு ரப்பர்த் தோட்டத்தில். அப்பா பால் வெட்டுகிறவர். எங்கள் தோட்டத்தில் முக்கால்வாசி வேலை வெட்டுத்தான்: பால் வெட்டு, தண்ணீர் வடியக் கான் வெட்டு, கன்று நடக் குழி வெட்டு. கிழங்கை மட்டும் வெட்டமாட்டோம், கிண்டுவோம். முள்ளுக் கரண்டியால் மண்ணைக் கிளறினால் அது முள்ளுக்குத்து. ஆற்று மணலை அள்ளுவோம். கேகாலைப் பக்கம் காரீயச் சுரங்கத்துக்குப் போகிறவர்கள் தோண்டப் போவதாகச் சொல்வதே இல்லை, இறங்கப் போவதாகத்தான் சொல்வார்கள். இரத்தினபுரிப் பக்கம் வந்தால் சிங்களத்திலிருந்து எடுத்துக்கொண்ட பத்தல் என்ற சொல் இருக்கிறது. கல் எடுக்கிற குழிக்குப் பத்தல் என்று பெயர். அகழ்தல் என்ற சொல்லை என் வாழ்நாளில் தொழிலாளர் குடியிருக்கிற எந்த லயத்திலும் யாரும் சொல்லிக் கேட்டதில்லை. அது அரசாங்கத்து அறிவித்தல் பலகையில் மட்டும் குடியிருக்கிற சொல்.

ஆகவே தர்ஷினிக்கு நான் அனுப்பிய பதில் இதுதான். குற்றப்பத்திரத்தில் அகழ்ந்ததாக இருந்தால் அகழ்ந்ததாகவே வாசி. கூண்டில் நிற்பவர் கிண்டினேன் என்றால் கிண்டினேன், வெட்டினேன் என்றால் வெட்டினேன், அப்படியே கொடு. எதிர்ச்சொல் விஷயத்தில் கைபேசியை நம்பாதே. அதற்கு ஒரு கதை இருக்கிறது, பிறகு எழுதுகிறேன் என்றேன். அந்தப் பிறகுதான் இது.

நான் வேலைக்கு வந்த விதத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். தமிழ் பள்ளிக்கூடத்தில் வந்தது, சிங்களம் கடைத்தெருவில் வந்தது. பரீட்சை எழுதினேன், பாஸானேன். மூத்த மொழிபெயர்ப்பாளர் ஒருவரின் பக்கத்தில் நின்று சில மாதம் வேலை பழகினேன். மொழிபெயர்ப்பாளரை எங்கள் நீதிமன்றங்களில் முதலியார் என்று கூப்பிடுவார்கள். தோட்டத்துப் பால் வெட்டுகிறவரின் மகனை முதல் நாளே முதலியார் என்றபோது, நான் திரும்பிப் பின்னால் யார் நிற்கிறார்கள் என்று பார்த்தேன்.

அந்த மூத்தவர் கற்றுக்கொடுத்த முதல் பாடம், "அவர் சொல்கிறார்" என்று ஆரம்பிக்கவே கூடாது என்பது. கூண்டில் நிற்பவர் நான் என்றால் நாமும் நான் என்றுதான் சொல்ல வேண்டும். சேவைக்காலம் முழுவதும் அப்படித்தான் செய்தேன். கோழி திருடினேன், கசிப்பு காய்ச்சினேன், மச்சானைக் கத்தியால் குத்தினேன் என்று நிறைந்த சபையில் நான் ஒத்துக்கொள்ளாத குற்றமே கிடையாது. என் மனைவி ஒருமுறை ஏதோ காரியமாக நீதிமன்றம் வந்து, நான் இரண்டாம் கலியாணம் முடித்ததாகச் சொல்லிக்கொண்டிருப்பதைக் கேட்டுவிட்டு ஒரு நாள் முழுவதும் முகம் கொடுத்துப் பேசவில்லை.

என் கடைசி வருடங்களில் எங்களுக்கு வாய்த்த நீதவான் ஒரு தனிப் பிறவி. மெலிந்த மனிதர். சத்தமாகப் பேசி நான் கேட்டதில்லை. இஞ்சி போட்ட பிளேன்டீயைத் தவிர வேறு எதுவும் குடிக்கமாட்டார். வேலைக்கு வந்த அன்றே என்னைக் கூப்பிட்டு, "முதலியார், நீங்கள் குழாய். அந்தப் பக்கம் ஊற்றுவது இந்தப் பக்கம் வர வேண்டும். சீனி போடக் கூடாது, வடிகட்டவும் கூடாது" என்றார். நான் கொடுக்கும் சிங்களத்தில் ஒரு சொல் வழவழப்பாக இருந்தால் பேனாவை வைத்துவிட்டு, "அவர் வாயில் வந்த வினை என்ன?" என்று கேட்பார். வழக்கமான கேள்விகளைக் கண்ணாடியோடு கேட்பார். உண்மையாகவே பதில் தெரிய வேண்டும் என்றால் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டுக் கேட்பார். கண்ணாடி கழன்றதும் பொலிஸ்காரர்கள் தொப்பியைச் சரிசெய்துகொள்வார்கள்.

அவருக்குச் சொற்களின் மேல் ஒரு பைத்தியம். வழக்குகளுக்கு நடுவில் கொஞ்சம் ஓய்வு கிடைத்தால், இதற்குத் தமிழில் எதிர்ச்சொல் என்ன என்று கேட்பார். வெட்டுவதற்கு என்றார், எதை வெட்டினோம் என்பதைப் பொறுத்தது என்றேன். குழி என்றால் மூடுவது, கிணறு என்றால் தூர்ப்பது, கான் என்றால் அதுவே மண் நிரம்பிப் போகும், யாரும் நிரப்ப வேண்டியதில்லை. கல் எடுக்கிற பத்தலுக்கு என்ன என்றார். யோசித்துவிட்டு, இந்த மாவட்டத்தில் அப்படி ஒரு வேலை நடந்து நான் பார்த்ததில்லை ஐயா என்றேன். அவர் சிரித்த சில சந்தர்ப்பங்களில் அது ஒன்று. கல் எடுத்த பிறகு பத்தலை மூட வேண்டும் என்பதுதான் சட்டம். ஆனால் நம் பக்கம் எங்கே நடந்தாலும் தண்ணீர் நின்று பாசி பிடித்த பத்தல்கள் வாயைத் திறந்துகொண்டு கிடப்பது எல்லாருக்கும் தெரிந்ததே.

இப்போது மாரிமுத்துவின் வழக்குக்கு வருகிறேன். மாரிமுத்து ஒரு ரப்பர்த் தோட்டத் தொழிலாளி, நடுத்தர வயது. தோட்டத்தின் கீழ் எல்லையில், ஓயா என்கிற சிற்றாற்றுக்குப் பக்கத்து மரங்களுக்கிடையில், அனுமதிப்பத்திரமில்லாமல் மாணிக்கக்கல் அகழ்ந்தார் என்பது குற்றச்சாட்டு. களவாகப் பத்தல் வெட்டுகிறார்கள் என்று தகவல் கிடைத்துப் பொலிஸார் போனபோது, இவர் மட்டும் தனியாக மம்பட்டியோடு நின்றிருக்கிறார். குழியில் பெரும்பகுதியை மூடியாயிற்று. யார் வெட்டினது என்று கேட்டதும், நான்தான் சார் என்று கையை நீட்டிவிட்டார்.

இதில் அபராதம்கூடப் பெரிதில்லை. தோட்டத்து மண்ணில் கல் தோண்டியது நிரூபணமானால் வேலை போகும், லயத்து அறையையும் விட வேண்டும் என்று தோட்ட நிர்வாகம் சொல்லியிருந்தது. தீர்ப்பைக் கேட்டுக்கொண்டு போக ஒவ்வொரு தவணைக்கும் தோட்டத்து ஆபிஸிலிருந்து ஒரு கிளார்க் வந்து உட்கார்ந்திருந்தார். பின்வரிசையில் மாரிமுத்துவின் மனைவி லெச்சுமியும், அவளுடைய அண்ணன் ராசலிங்கமும் இருப்பார்கள். ராசலிங்கம்தான் பிணை நின்றவர். லெச்சுமி அப்போதுதான் எலிக்காய்ச்சலில் ஆஸ்பத்திரியில் கிடந்து தேறி வந்திருந்தாள். சட்டை கைகளில் தொளதொளவென்று கிடந்தது. வரவேண்டாம் என்று புருஷன் தவணைக்குத் தவணை கெஞ்சுவதை நானே வாசலில் பார்த்திருக்கிறேன். அவள் கேட்கவில்லை.

குற்றப்பத்திரத்தை வாசித்து, குற்றவாளியா சுற்றவாளியா என்று கேட்டேன். "குத்தவாளிங்க" என்றார் மாரிமுத்து, கேள்வி முடியும் முன்பே. நான் என் வழக்கப்படி, நான் குற்றவாளி என்று நீதவானிடம் சொன்னேன். வேறு ஆளாக இருந்தால் அதோடு முடிந்திருக்கும். எங்கள் நீதவானுக்கு அவ்வளவு அவசரமான ஒப்புதல் பிடிக்காது. எதனால் தோண்டினீர் என்றார். மம்பட்டியும் அலவாங்கும் என்று பதில் வந்தது. கல்மண் வந்ததா என்றார். தெரியவில்லை. மண்ணை எங்கே கழுவினீர் என்றார். கழுவவில்லை. கழுவாமல் கல் எடுக்கிறவன் இரத்தினபுரியில் கிடையாது. கல்மண்ணை வட்டி என்கிற கூடையில் போட்டுத் தண்ணீரில் சுழற்றிச் சுழற்றிக் கழுவினால்தான் கல் கண்ணில் படும் என்பது இங்கே யாருக்கும் தெரியும். பிறகு என்னதான் செய்தீர் என்றார் நீதவான்.

"மூடினேங்க."

கண்ணாடி கழன்றது. சாட்சியத்தை மறைக்கத்தான் மூடியிருக்கிறார் என்று எழுந்து நின்ற, அவரைப் பிடித்து வந்த பொலிஸ் சார்ஜன்ட்டை அவர் கையால் உட்காரச் சொன்னார். மாரிமுத்துவைப் பார்த்து, எனக்காகக் கொஞ்சம் நிறுத்தி நிறுத்திப் பேசினார்.

"தோண்டினவர்களை இந்தக் கதிரையிலிருந்து நான் ஏராளமாகப் பார்த்துவிட்டேன். பத்திரம் வாங்கினவர்கள்கூட மூடுவதில்லை. யாரும் சொல்லாமல் அன்றைக்கே மூடிய ஆளை இப்போதுதான் பார்க்கிறேன். ஏன் மூடினீர்?"

மாரிமுத்து ஒரு கணம் பின்வரிசைப் பக்கம் பார்த்தார். பிறகு நீதவானை விட்டுவிட்டு என்னைப் பார்த்துத் தாழ்ந்த குரலில் சொன்னார்.

"கேசு எம்மேல நிக்கட்டுங்க. அத மட்டும் கேக்க வேணாம்னு சொல்லுங்க."

குழாய் அல்லவா, அதையும் கொடுத்தேன். நீதவான், தேநீர் இடைவேளைக்குப் பிறகு பார்ப்போம் என்று எழுந்தார். எனக்கோ தலை வெடித்துவிடும் போல இருந்தது. கல் எடுக்கவில்லை என்றால் எதற்கு வெட்டினான், வெட்டினதை ஏன் மூடினான், மூடினதைச் சொன்னால் என்ன குடி முழுகிப் போகிறது?

வழக்குக்காரர்களோடு மொழிபெயர்ப்பாளர் பேசக் கூடாது. இடைவேளையில் ராசலிங்கம் என் பக்கம் வந்ததும், வழக்கமாக எல்லாரையும் தடுப்பதுபோல உள்ளங்கையைக் காட்டித் தடுத்தேன். அவர் விவரமான ஆள். என்னை விட்டுவிட்டு, பக்கத்தில் இருந்த அறிவித்தல் பலகையைப் பார்த்துப் பேச ஆரம்பித்தார். சுவரோடு பேசுகிறவரை நான் எப்படித் தடுப்பது? நின்று கேட்டேன்.

அது ஒரு போயா நாள், பௌர்ணமி விடுமுறை. போன் போட்டு விசாரிக்கத் தோட்டத்து ஆபிஸும் மூடியிருந்தது. ஆஸ்பத்திரியில் லெச்சுமியின் வார்டில் பக்கத்துத் தோட்டத்து லெச்சுமி ஒருத்தியும் இருந்திருக்கிறாள். அந்த லெச்சுமி இறந்துபோனாள். ஆஸ்பத்திரி வாசலில் நின்ற ஒரு ஆட்டோக்காரர் தெரிந்தவர்களுக்கெல்லாம் போன் போட, தோட்டத்து லெச்சுமி போய்விட்டாள் என்ற செய்தி இந்தத் தோட்டத்துக்கு வந்துவிட்டது. மாரிமுத்து உடம்பை எடுத்துவர ஓடினார். ராசலிங்கமும் இன்னும் இரண்டு பேரும் தோட்டத்துச் சுடலையில் குழி வெட்டினார்கள். அந்தச் சுடலையில் கல்லறையோ நடுகல்லோ கிடையாது, ரப்பர் மரங்கள்தான். வெளியாள் பார்த்தால் வெறும் காடு. குழி முடிகிற நேரத்தில் மாரிமுத்து வெறுங்கையோடு திரும்பி வந்தார். லெச்சுமி கட்டிலில் உட்கார்ந்து கஞ்சி குடித்துக்கொண்டிருந்தாளாம்.

சந்தோஷம்தான். ஆனால் வெட்டின குழி வாய் திறந்து கிடக்கக் கூடாது என்பது எங்கள் சனத்தின் நம்பிக்கை. யாருக்காக வெட்டினார்களோ, அவருக்குப் பதிலாக ஒரு வாழைக்கட்டையைத் துணியில் சுற்றிக் குழிக்குள் வைத்து, மிகவும் சொந்தமான ஆள் தனியாக நின்று மூட வேண்டும். பொலிஸ் ஜீப் வந்து நின்றது அந்த நேரத்தில். அதைவிடக் கடினமானது இன்னொன்று. குழி வெட்டின விஷயம் ஒரு வருடம் திரும்பும்வரை அந்த மனுஷியின் காதில் விழக் கூடாது. விழுந்தால் உயிர் தங்காது. லயம் முழுவதும் வாயைக் கட்டிக்கொண்டிருந்தது அதனால்தான். மாரிமுத்து வேலையையும் வீட்டையும் விடத் தயாராகக் கூண்டில் நின்றதும் அதனால்தான். எனக்கு அந்த நம்பிக்கை உண்டா என்று கேட்டால் இல்லை. ஆனால் பெண்டாட்டியின் உயிர் என்று வந்தால் நான் பரீட்சித்துப் பார்த்திருப்பேனா என்றால், அதுவும் இல்லை.

கூண்டில் ஏறி இதைச் சொல்லுங்கள் என்று நானும் சுவரைப் பார்த்தே சொன்னேன்.

"அவ பின்னால உக்காந்திருக்காளே முதலியார் ஐயா. தமிழ்ல சொன்னாலும் வெளங்கும், சிங்களத்துல சொன்னாலும் வெளங்கும். எதுல சொல்றது?"

உண்மைதான். நுவரெலியாப் பக்கம் என்றால் சிங்களம் ஒரு திரையாக இருந்திருக்கலாம். எங்கள் பக்கத்தில் தோட்டத்துச் சனம் இரண்டு மொழியிலும் சண்டை போடும். இரண்டு மொழியும் தெரிந்ததால் சம்பளம் வாங்கிய எனக்கு, அன்றைக்கு அந்தப் பெண்ணுக்கு ஒரு மொழியாவது தெரியாமல் இருந்திருக்கக் கூடாதா என்று ஆத்திரமாக வந்தது.

நீதவானின் அறை வாசலில் போய் நின்றேன். ஒரு சாட்சி இருக்கிறார், சந்தேக நபரின் மனைவி சபையில் இல்லாதபோது சொல்ல விரும்புகிறார் என்று மட்டும் சொன்னேன். ஏன் என்று கேட்டார். அது சாட்சி சொல்ல வேண்டியது ஐயா என்றேன். பிளேன்டீயை ஒரு வாய் குடித்துவிட்டு என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"குழாய் இன்றைக்குக் கொஞ்சம் கசிகிறது, முதலியார்" என்றார். அவ்வளவுதான்.

சபை கூடியதும், இந்த வழக்கில் சாட்சியாகக் கூப்பிடப்படக் கூடியவர்கள் வெளியே காத்திருக்க வேண்டும், சந்தேக நபரின் மனைவியும் அப்படியே என்று உத்தரவிட்டார். வழக்கமான நடைமுறைதான், யாருக்கும் சந்தேகம் வராது. லெச்சுமி எழுந்து முந்தானையைச் சரிசெய்துகொண்டு பேசாமல் வெளியே போனாள். கதவு சாத்தியதும் ராசலிங்கம் கூண்டில் ஏறினார்.

அவர் சொல்லச் சொல்ல நான் சொன்னேன். என் தங்கைக்கு நான் குழி வெட்டினேன். என் தங்கை சாகவில்லை. எத்தனையோ பேருடைய குற்றங்களைக் கூசாமல் சொன்ன வாய், இந்த இரண்டு வாக்கியத்துக்கு இடையில் நின்றுவிட்டது. எனக்கும் ஒரு தங்கை இருக்கிறாள். நீதவான் காத்திருந்தார், வினை என்ன என்று கேட்கவில்லை. மாரிமுத்து கூண்டுக் கட்டையில் நெற்றியை வைத்துக்கொண்டு அழுதார்.

கேட்டதை அப்படியே நம்பிவிடுகிற மனிதர் அல்ல நீதவான். சார்ஜன்ட்டைக் கூப்பிட்டுக் குழியின் வடிவத்தைக் கேட்டார். சார்ஜன்ட் நேர்மையான ஆள். நீளமாகவும் ஒடுக்கமாகவும் இருந்தது, பத்தல் என்றால் ஆள் நின்று வேலை செய்யச் சதுரமாக வெட்டுவார்கள், சுவர் சரியாமல் மரச்சட்டம் கொடுத்துக் கெக்கில்லச் செடி அடைப்பார்கள், அப்படி எதுவும் இருக்கவில்லை, கழுவின அடையாளமும் இல்லை என்றார். அப்போதே தோன்றவில்லையா என்றதற்கு, அவர்தான் நான் வெட்டினேன் என்று ஒத்துக்கொண்டாரே ஐயா என்றார். பக்கத்துத் தோட்டத்து லெச்சுமியின் மரணத்தை விசாரித்து வரச் சொல்லி நீதவான் வழக்கைப் பகலுக்குப் பிறகு வைத்தார். விசாரித்ததில் நாளும் பெயரும் சரியாக இருந்தன. வேண்டுமானால் குழியைத் திறந்து பார்த்துவிடலாம் என்று சார்ஜன்ட் ஒரு யோசனை சொன்னார்.

"இந்த மாவட்டத்தில் ஒழுங்காக மூடியிருப்பது அது ஒன்றுதான். அதையும் திறக்கச் சொல்லி நான் உத்தரவு போடமாட்டேன்" என்றார் நீதவான்.

மாரிமுத்துவை விடுதலை செய்தார். காரணத்தைச் சபையில் வாசிக்கவில்லை. தோட்டத்துக் கிளார்க்கைத் தன் அறைக்குக் கூப்பிட்டு, நடந்தது கல் விஷயமில்லை என்று நிர்வாகத்துக்குச் சொல்லும்படியும், மற்றதை வாயிலேயே வைத்துக்கொள்ளும்படியும் சொல்லி அனுப்பினார். வேலையும் வீடும் தப்பின. தர்ஷினி, கைபேசி எதிர்ச்சொல்லாகக் கொடுத்தது புதைத்தல். அன்றைக்கு ஒரு மனிதன் பாடுபட்டு மூடியதற்கு அந்தச் சொல்லைப் போட்டிருந்தால் என் நாக்கு அழுகியிருக்கும்.

மாலையில் படியிறங்கிக்கொண்டிருந்தேன். மாரிமுத்துவும் ராசலிங்கமும் தேநீர்க் கடைப் பக்கம் நின்றார்கள். லெச்சுமி மட்டும் மரத்தடியிலிருந்து எழுந்து என் பக்கம் வந்தாள். நான் கேட்கும் முன்பே அவளே ஆரம்பித்தாள்.

"என்னைய வெளிய அனுப்புனது எதுக்குன்னு தெரியுமுங்க. ஆஸ்பத்திரியில இருந்து வந்து லயத்து வாசல்ல எறங்கினன்னிக்கே தெரியும். ஒருத்தரும் என் மொகத்தப் பாக்கலங்க. எல்லாரும் காலத்தான் பாத்தாங்க, தரையில பாவுதான்னு."

நான் தேநீர்க் கடைப் பக்கம் திரும்பிப் பார்த்தேன்.

"தண்டன குடுத்தாங்கன்னா எந்திரிச்சு நானே சொல்லிறலாம்னுதான் ஒவ்வொரு தவணைக்கும் வந்தேன். இப்ப அதுக்கு வேல இல்ல. எனக்குத் தெரியும்ங்கிறது அவருக்குத் தெரிய வேணாங்க. தெரிஞ்சா இந்த ஒரு வருசமும் தூங்கமாட்டாரு" என்றாள்.

அதற்குள் மாரிமுத்து பதறிக்கொண்டு எங்கள் பக்கம் வந்துவிட்டார். அவள் ஒன்றும் நடக்காததுபோலப் பஸ் நிறுத்தத்தைப் பார்த்து நடந்தாள். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"அவ என்னங்க கேட்டா? ஒண்ணும் சொல்லிறலியே?"

சேவையில் ஒரு சொல்லைக்கூட நான் மாற்றிக் கொடுத்ததில்லை.

"பஸ் எத்தனை மணிக்குன்னு கேட்டாங்க" என்றேன்.